வாவியும் படச்சட்டமும்: மட்டக்களப்பின் காட்சிவழி எடுத்துரைப்புப் பற்றிச் சில குறிப்புகள்

கதை சொல்லுதல் புலவர்க்கும் அண்ணாவியார்க்கும் வீட்டு முதியோர்க்கும் உரிய தொழிலாயிருந்த நிலை மாறி, இன்று அது வணிக நிறுவனங்களினதும் அபிவிருத்தி முகவரகங்களினதும் அன்றாட அலுவல்களுள் ஒன்றாகிவிட்டது. பண்டத்தின் தரத்தைக் கூறுவது போதாது, அதனைச் சூழ ஒரு கதை வேண்டும், அக்கதை சொல்லாலன்றிப் படத்தால் நிகழவேண்டும் என்பது இன்றைய சந்தைப்படுத்தற் கல்வியின் பாலபாடம். திட்ட அறிக்கை எழுதுவோரும், நிதி கோருவோரும், சுற்றுலாக் கைந்நூல் தயாரிப்போரும் இதே பாடத்தைப் பயிற்சிப் பட்டறைகளிற் கற்கின்றனர். இவ்வகை எழுத்தையும் படத்தையும் இலக்கிய விமரிசனத்துக்குப் புறம்பானவையாகக் கருதும் மனப்போக்கு நம்மிடையே உண்டு. நாவலையும் கவிதையையும் அவை தோன்றிய சமூக உறவுகளுள் வைத்து நோக்கக் கைலாசபதியும் சிவத்தம்பியும் கற்றுத் தந்தனர். அந்நோக்கு ஒரு சுற்றுலாச் சுவரொட்டியின் முன் ஏன் தயங்கி நிற்கவேண்டும் என்பது விளங்கவில்லை. ஒரு சிறுகதைத் தொகுதி அச்சாகும் படிகளிலும் பன்மடங்கு படிகள் அச்சாகும் இத்தாள்கள், ஒரு பிரதேசத்தின் கரையை யார் பயன்படுத்துவது, உதவி எவர் வீட்டு வாயிலை அடைவது என்பனவற்றைத் தீர்மானிப்பதிற் பங்குகொள்கின்றன.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் இவ்வாய்வுக்குத் தக்க களமாகும். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இவ்வாவி, பிரதேசத்தை இரு கரைகளாகப் பகுக்கின்றது. சூரியன் எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. இப்பெயர்களை உற்றுநோக்கின் ஓர் உண்மை புலப்படும். இவை நீரின் நடுவே நிற்பவன் இட்ட பெயர்கள். இரு கரையையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்க்கும் பார்வை இது. நகரின் பழைய மையமாகிய புளியந்தீவும் வாவிக்குள் அமைந்த தீவேயாதலால் இப்பார்வை இயல்பானதே. இனி, வாவியைக் காட்டும் விளம்பரப் படங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவற்றிற் காண்பது சூரியன் மறையும் காட்சி. பொன்னிற நீர், ஒரு தோணி, அதில் வலை வீசும் ஒருவனின் கருநிழல். இப்படத்தை எடுப்பவர் எழுவான்கரையில் நின்று மேற்கு நோக்குகின்றார். படுவான்கரை அடிவானத்திலே கறுத்த கோடாகிவிடுகின்றது. பிரதேசத்தின் நெல்விளையும் வயலும், போக்குவரத்து வசதி மிக நீண்டகாலம் மறுக்கப்பட்ட ஊர்களும், போர்க்காலத்தின் பெருஞ்சுமையைத் தாங்கிய குடிகளும் இருப்பது அக்கோட்டினுள்ளேதான். அழகியல் தேர்வு போலத் தோன்றுவது உண்மையில் ஓர் இடத்தேர்வு. படமெடுப்போர் இதனை வேண்டுமென்றே செய்கின்றனர் என்பது என் கருத்தன்று. வீதியும் விடுதியும் கிழக்குக் கரையில் இருக்குமாயின் படக்கருவியும் அங்கேதான் நிற்கும்.

'மீன்பாடும் தேனாடு' என்ற தொடர் இப்பிரதேசத்தின் வணிக அடையாளமாகவும் நிலைபெற்றுவிட்டது. அதன் வரலாறு சுவையானது. 1845 முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1848இல் மட்டக்களப்பில் இரவு வேளை தோணியிற் சென்று நீரடியிலிருந்து எழுந்த இசையொலியைத் தாம் கேட்டதை 1859இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். அவரை அழைத்துச் சென்ற உள்ளூர் மீனவர் அவ்வொலிக்குக் காரணமாகக் காட்டியது மீனையன்று, ஊரியை. ஓடுடைய அச்சிற்றுயிர்களைச் சேற்றிலிருந்து எடுத்துவந்து காட்டவும் செய்தனர். அவர்கள் கூறியது உயிரியல் அடிப்படையிற் சரியா தவறா என்பது வேறு வினா. வாவியிற் பிழைப்பவன் தான் அறிந்த ஒரு பொருளைச் சுட்டினான் என்பதே இங்கு கருதத்தக்கது. ஊரி பின்னர் மீனாயிற்று, மீன் பெண்ணாயிற்று. விபுலானந்த அடிகள் அவ்வொலியை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடியபோது, அரமகளிர் பற்றிய பழந்தமிழ்க் கற்பனையையும் தம் இசையாராய்ச்சியையும் ஓரிடத்தே பிணைத்தார். அது ஓர் அறிஞனின் படைப்பு. இன்று வளைவுகளிலும் சின்னங்களிலும் நாம் காணும் மீன்வாற் பெண்ணோ அதன் வழித்தோன்றல் எனினும், உருவமைப்பிற் பெரிதும் ஐரோப்பியச் சித்திரப் புத்தகத்துக் கடற்கன்னியே. ஊரிக்குச் சந்தையில் முகம் இல்லை, பெண்ணுக்கு உண்டு. சின்னம் என்ற வகையில் அவள் மீது எனக்குப் பகையில்லை. ஆயினும், துடுப்பின் ஒரு நுனியை நீரில் ஆழ்த்தி மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்கும் ஒன்றை, கண்ணாற் பார்க்கும் ஒன்றாக மாற்றியதே இங்கு நிகழ்ந்த முதல் இழப்பு எனத் தோன்றுகின்றது. கேட்பதற்குப் பௌர்ணமி இரவும் காற்றடங்கிய நீரும் பொறுமையும் வேண்டும். பார்ப்பதற்கு அவை வேண்டியதில்லை.

இவ்வகைப் படக்கதைக்கு இலங்கையில் ஒரு முன்னோடி உண்டு. 1934இல் பசில் றைற் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் ஆவணப்படம் உலக ஆவணப்பட வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. அதன் கலைத்தரத்தைப் போற்றுவோர் பலரும், அது இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பொருட்டு எடுக்கப்பட்டது என்பதை அடிக்குறிப்பாகவே கூறிச் செல்வர். தேயிலைக்கான விளம்பரம் தேயிலையைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றது. 1681இல் வெளியான றொபேட் நொக்சின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களை லயனல் வென்ற் வாசிக்க, புத்தர் வழிபாடு, கன்னித்தீவு, வணிகத்தின் குரல்கள், கடவுளின் ஆடை என நான்கு பகுதிகளாகப் படம் விரிகின்றது. மூன்றாவது பகுதியிலே உழைப்பின் காட்சிகள் மீது சந்தை விலை கூறும் குரல்கள் படிகின்றன. அப்பகுதியில் வணிகத்தைப் பற்றிய ஒரு நேர்மையான முரண் வெளிப்படுவதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் தேயிலையைத் தம் கையாற் கொய்த மலையகத் தமிழ்த் தொழிலாளர் அப்படத்தின் கதைமாந்தர் அல்லர். தொன்மையான, குழப்பமற்ற, காலங்கடந்த ஒரு தீவே அதன் தலைவி. பண்டத்தை உற்பத்தி செய்யும் உறவை மறைத்து, பண்டம் விளையும் நிலத்தைக் கனவாக்குதல் என்னும் உத்தி அங்கு முழுமையுற்ற வடிவிற் காணக்கிடக்கின்றது. 1972இல் ஜோன் பேர்கர் விளம்பரப் படங்களை ஐரோப்பிய எண்ணெய்வண்ண ஓவிய மரபின் தொடர்ச்சியாக நோக்கினார். நம் நாட்டைப் பொறுத்தவரை, குடியேற்றநாட்டுப் பயணநூலையும் அம்மரபோடு சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

1966இல் இலங்கைச் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டதன் பின்னர் பாசிக்குடா-கல்குடாக் கரை சுற்றுலாவுக்குரிய இடமாக வளர்க்கப்பட்டது. போர் அதனை முடக்கிற்று. 2009இல் போர் முடிந்தபின் அக்கரையிலே புதிய விடுதிகள் எழுந்தன. அவற்றைச் சந்தைப்படுத்தும் படங்களில் வரும் கரை ஆளற்றது. கரைவலை இழுப்போர் இல்லை, கருவாடு காயவில்லை, படகு கரையேற்றப்படவில்லை. அப்படத்தின் பின்னணியில், தாம் காலங்காலமாகப் படகு ஏற்றிய இடங்கள் சுருங்கிவிட்டன என்ற மீனவரின் முறையீடு இருந்தது. கன்னித்தீவு என்ற பழைய கற்பனை மீண்டு வந்தது எனலாம். வேறுபாடு ஒன்றே: 1934இல் மறைக்கப்பட்டவர் படத்துக்கு வெளியே தொடர்ந்து வேலை செய்தனர், இங்கோ, கரை வெறுமையாகத் தோன்றவேண்டும் என்ற படத்தின் தேவை, கரையிற் தொழில் செய்வோரின் இருப்போடு நேரே மோதிற்று. படம் உண்மையைப் பிரதிபலிக்கவில்லை என்பது சிறிய குற்றச்சாட்டு. உண்மை படத்தைப் போல ஆக்கப்படுதலே பெரியது.

இதன் மறுபக்கத்தில், தொழில்முறைத் தொடர்பாடலின் இன்னொரு கிளை நிற்கின்றது. அங்கே மனிதர் மறைவதில்லை. மாறாக, மனித முகமே முதற்பண்டம். 2004 டிசம்பர் 26ஆந் தேதிய கடற்கோள், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்கரையாகிய நாவலடியையும் கல்லடியையும் அழித்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் சாய்ந்த கோபுரம் அப்பேரழிவின் படிமமாகப் பரவிற்று. அது பற்றிக் குறைகூற எதுவுமில்லை; ஓர் ஊரின் துயரை ஓர் உருவத்தில் அடக்கிய படம் அது. விமரிசனத்துக்குரியது அதன்பின் வந்த 'பயனாளி'யின் படம். இச்சொல்லே புதியது. ஒரு குடும்பத்தின் பெயர், தொழில், கோபம், கடன், அயலவரோடுள்ள உறவு ஆகிய யாவும் நீங்கியபின் எஞ்சுவது பயனாளி. முன் ஒரு படம், பின் ஒரு படம். முன்னதில் இடிந்த சுவர், பின்னதிற் சிரித்த முகமும் புதிய படகும். இடையிலே நிறுவனம். கதையின் தலைவன் மீனவன் அல்லன். இடையில் நிற்கும் நிறுவனமே.

இங்கு படகைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். கடற்கோளுக்குப் பின்னர் இலங்கைக் கரையோரத்திற் சிறு படகுகள் தேவைக்கு மிஞ்சி வழங்கப்பட்டன என்பதும், அவற்றுட் பல தரங்குறைந்தவை என்பதும் அக்காலத்திலேயே செய்யப்பட்ட மதிப்பீடுகளிற் பதிவான உண்மை. இதற்குப் பல காரணங்கள் கூறப்பட்டுள்ளன: ஒருங்கிணைப்பின்மை, நன்கொடையின் பெருக்கம், அவசரம். இவையெல்லாம் உண்மையே. ஆனால் காட்சி விமரிசகன் இன்னொரு காரணத்தையும் காண்பான். படகு படத்துக்கு ஏற்ற பொருள். அது பெரியது, வண்ணமுடையது, கரையில் வரிசையாக நிறுத்தத்தக்கது, அதன் அணியத்திலே நன்கொடையாளர் பெயரை எழுதலாம், கையளிக்கும் கணத்தை ஒரே படத்தில் அடக்கலாம். வலையைப் படமெடுத்தால் அது ஒரு குவியலாகவே தெரியும். வீட்டு முற்றத்தில் மீன் உலர்த்தி விற்ற பெண்ணின் இழந்த முதலுக்கு உருவமில்லை. சைக்கிளில் ஊர் ஊராக மீன் விற்றவனின் கொடுக்கல் வாங்கல்களை எந்தப் படக்கருவியும் காட்டாது. படகு இன்றி, பிறர் படகிற் பங்குக்கு உழைத்தவனோ தான் இழந்த படகு ஒன்றைக் காட்ட முடியாதவன். கடற்றொழிலின் உற்பத்தி உறவுகளில் எவை கண்ணுக்குத் தெரிந்தனவோ அவை மீள வழங்கப்பட்டன. எவை தெரியவில்லையோ அவை பின்தள்ளப்பட்டன. படக்கதையின் இலக்கணம் உதவியின் இலக்கணமாயிற்று. வாவியையும் கடலையும் ஒருசேர நம்பி வாழும் இப்பிரதேசத்தில் இதன் விளைவு மேலும் சிக்கலானது. ஆழமற்ற வாவிக்குத் தோணியும் வீச்சுவலையுமே போதும். அவையோ அறிக்கையின் அட்டைப்படத்துக்குப் போதா.

சிறுகடன் நிறுவனங்களின் விளம்பரங்களையும் இவ்வரிசையிலேயே வைக்கலாம். தையல் இயந்திரத்தின் முன் புன்னகைக்கும் பெண் அவற்றின் நிலையான உருவம். 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட சிறுகடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. அப்புன்னகைக்கு அதைவிட வேறு விமரிசனம் தேவையில்லை.

இவற்றுக்கு மாற்றாக எதைக் கூறுவது? படம் வேண்டாம், எழுத்தே போதும் என்பது பண்டிதத்தனம். காட்சிவழிக் கதைசொல்லல் இப்பிரதேசத்துக்கு அந்நியமானதும் அன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பயிலும் ஊர்கள் உடலாலும் உடுப்பாலும் தாளத்தாலும் கதையை எடுத்துரைக்கும் ஒரு முதிர்ந்த முறையை வளர்த்தெடுத்துள்ளன. கரப்புடுப்பும் முடியும் அணிந்து அரசன் களரிக்கு வரும்போது, அவன் யார் என்பதை உடுப்பே கூறும். எத்தகையவன் என்பதை வரவுத் தாளம் கூறும். முதலில் திரை பிடிக்கப்படுகின்றது, திரைக்குப் பின்னே சதங்கை ஒலிக்கின்றது, பின்னரே உருவம். காத்திருத்தலைக் கதையின் உறுப்பாக்கிய உத்தி இது. எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டக்களரியைச் சூழ நாற்புறமும் சனம் இருக்கின்றது. கூத்தனுக்கு முதுகுப்புறம் என ஒன்று இல்லை. ஒருபுறமிருந்து பார்ப்பவனுக்கு வாய்த்த காட்சி மறுபுறமிருப்பவனுக்கு வாய்ப்பதில்லை. எதிரே இருப்பவனின் முகத்தையும் ஒவ்வொருவரும் காண்கின்றனர். ஆடுபவன் அயல்வீட்டான்; தவறினால் அண்ணாவியார் மட்டுமன்றிப் பார்ப்போரும் திருத்துவர். எடுத்துரைப்பவனும், எடுத்துரைக்கப்படுவதும், கேட்போரும் ஒரே சமூகத்தினுள் இருக்கும் நிலை இது.

இந்த வட்டத்தைச் சட்டத்துள் கொணர்ந்த முயற்சியின் வரலாறும் நம்முடையதே. 1960களிற் பேராதனையில் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்' ஆகியவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். மௌனகுரு போன்றோர் அப்பட்டறையில் உருவாயினர். விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணிநேர ஆக்கமாயிற்று. நாற்புறப் பார்வை ஒருபுறப் பார்வையாயிற்று. இம்முயற்சி இன்றேல் கூத்து கல்விச் சமூகத்தின் கவனத்தைப் பெற்றிராது. கிராமியக் கலையைத் தாழ்வாகக் கருதிய மத்தியதர வர்க்கத்து மனோபாவம் அன்று உடைந்தது. ஆயினும் அதன் விலையும் கணக்கிடப்படுதல் வேண்டும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஜெயசங்கர் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு இவ்விலையைப் பற்றியே வினவிற்று: கூத்தை எடுத்துச் செல்வதா, அது வாழும் ஊரிலேயே அவ்வூரவரோடு கலந்துரையாடி மாற்றுவதா? இவ்விவாதம் நாடகவியலாளர் தம்முள் நடத்தும் பூசலாகவே பார்க்கப்படுகின்றது. உண்மையில், காட்சித் தொடர்பாடல் முழுவதற்கும் உரிய வினா இது. பேராதனை மேடையின் சட்டத்துள் வந்தபோது கூத்து ஒரு கலைப்படைப்பாக வந்தது. அதற்கு ஆசிரியரும் விமரிசகரும் இருந்தனர். சுற்றுலாக் கைந்நூலின் சட்டத்துள் அது வரும்போது முடியும் உடுப்பும் மட்டுமே வருகின்றன. கூத்தன் வாய் திறந்து நிற்கின்றான், பாட்டு இல்லை.

வட்டக்களரியைப் பொற்காலமாக்கிக் காட்டுவதும் பிழை. அவ்வட்டத்திலே பெண்ணின் வேடத்தை ஆண் ஆடினான். பறைமேளக் கூத்தை ஆடியவர் எந்த எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டனர் என்பதைச் சாதியமைப்பே தீர்மானித்தது. வாவிக்கரையில் தமிழரோடு அருகருகே வாழும் முஸ்லிம் மக்களின் கவிகளும், மருதமுனையின் கைத்தறியும் 'தேனாடு' என்ற சொல்லினுள் எவ்வளவு அடங்குகின்றன என்ற வினாவும் உண்டு. வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் அச்சொல்லிலும் இல்லை, படத்திலும் இல்லை. எனவே உள்ளூர்ச் சமூகம் தன்னைத் தானே காட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கொள்கை எனக்கு உடன்பாடன்று. எவருடைய படமாயினும், படத்தில் உள்ளவர் அதற்கு மறுமொழி கூறக்கூடிய நிலையில் உள்ளனரா என்பதே அளவுகோல். சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற அமைப்புகளின் தெருவெளி நாடகங்களைப் பார்த்தோர் இதனை உணர்ந்திருப்பர். அங்கும் செய்தி ஒன்று சொல்லப்படத்தான் செய்கின்றது. அதனை ஒருவகைப் பிரசாரம் என்றும் கூறலாம். ஆனால் சொல்லி முடிந்ததும் எதிரே நிற்கும் பெண்ணொருத்தி 'எங்கட ஊரில் அப்படியில்லை' என்று கூறுவதற்கு இடமுண்டு. அட்டைப்படத்தில் சிரிக்கும் பெண்ணுக்கு அவ்விடமில்லை. பல சமயம் தன் படம் அச்சான தாளை அவள் கண்டிருக்கவும் மாட்டாள். அதன் கீழுள்ள வாசகம் அவள் வாசிக்கும் மொழியிலும் இராது.

காட்டாமையும் ஓர் எடுத்துரைப்பு முறை என்பதை இப்பிரதேசம் அறியும். வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூர் முருகன் கோயிலிற் கதிர்காம மரபைப் பின்பற்றித் திரைக்கு இப்பாலேயே வழிபாடு நிகழ்கின்றது. பூசகர் வாயைக் கட்டிப் பூசை செய்கின்றார். அடியார் காண்பது திரையை. இதன் சமயப் பொருள் எதுவாயினும், பார்ப்பவன் தனக்கு எல்லாம் காட்டப்படவேண்டும் என்ற உரிமையோடு அங்கு வருவதில்லை. நிதி வழங்குபவன் அவ்வுரிமையோடு வருகின்றான். காட்டப்பட்ட அளவுக்கே அவன் நம்புகின்றான். துயருற்றவர் தம் துயரின் ஒரு பகுதியைத் திரைக்குப் பின் வைத்துக்கொள்ள விரும்பின், அதற்கு எந்த அறிக்கைப் படிவத்திலும் நிரல் இல்லை.

நம் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் நுண்கலைத் துறைகளும் இத்தாள்களைச் சேகரிக்கத் தொடங்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியின் பின் வெளிவந்த நிவாரண வெளியீடுகள், போருக்கு முந்திய பாசிக்குடா விளம்பரங்கள், கடற்கோட்காலக் கோரிக்கைத் தாள்கள், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது அச்சான படங்கள் ஆகியவை நூலகங்களின் பார்வையில் நூல்கள் அல்ல. ஆதலின் எளிதில் அழிந்துபோகும். சேகரிப்பதோடு நில்லாது, படத்தில் உள்ளவர் இன்னும் வாழும் ஊர்களுக்கு அவற்றை எடுத்துச் சென்று, அவர்முன் விரித்து, இது எந்த இடம், அருகில் நின்றவர் யார், படம் எடுத்தபின் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுவதே முதல் வேலை. படகைப் பெற்றவரிடம் அப்படகு எத்தனை மாதம் ஓடிற்று என்றும் கேட்கலாம்.